வடசென்னையிலிருந்து காரில் பெங்களூரு, மைசூரு, ஊட்டி: பனிக்காலத்தில் முதன்முறையாகக் கிளம்பும் தம்பதியருக்கு ஒரு வழிகாட்டி

இந்தத் தை மாதத்தின் நடுவில், குடியரசு நாள் விடுமுறைக் கூட்டம் அடங்கிய பிறகு வந்த வெள்ளிக்கிழமை, நானும் என் கணவரும் தண்டையார்பேட்டையிலிருந்து மாமனாரின் காரை எடுத்துக்கொண்டு பெங்களூரு, மைசூரு, ஊட்டி என எட்டு நாட்கள் சுற்றி வந்தோம். இருவருக்குமே மாநில எல்லையைத் தாண்டிய முதல் கார்ப் பயணம் அது. ஊர்கள் எங்களுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. சிரமப்பட்டதெல்லாம் ஃபாஸ்டேக் (சுங்கக் கட்டணத்தைத் தானாகக் கழிக்க முன்கண்ணாடியில் ஒட்டும் டேக்), நீலகிரிக்குள் நுழைய வேண்டிய இ-பாஸ், காட்டுச் சாலை மூடும் நேரம் ஆகியவற்றை முன்கூட்டியே சரிபார்க்காததால்தான். ஆகவே சுற்றிப் பார்க்கும் இடங்களைவிட ஆவணம், செலவு, நேரம் ஆகியவற்றைப் பற்றியே இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன். எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்து வந்தால் நாங்கள் பட்ட அலைச்சல் உங்களுக்கு வராது.

1. முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள்

மார்கழியும் தையும் பயணத்துக்கு ஏற்ற மாதங்கள்தான், ஆனால் அவற்றுக்குள்ளேயே தவிர்க்க வேண்டிய நாட்கள் உண்டு. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரத்தில் மைசூரிலும் ஊட்டியிலும் அறை வாடகை ஏறிவிடுகிறது. போகிக்கு முந்தைய நான்கு நாட்களில் பெருங்களத்தூர் பக்கம் வண்டி நகராது. காணும் பொங்கல் முடிந்த இரண்டு நாட்களில் அதே நெரிசல் எதிர்த்திசையில் இருக்கும். டிசம்பர் முதல் வாரத்தில் நமக்குப் புயல் அச்சம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பகுதித் தெருக்களில் எத்தனை வண்டிகள் நீரில் நின்றன என்பது வடசென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும். இவற்றைக் கழித்தால் மிஞ்சுபவை டிசம்பர் நடுவாரமும், பொங்கலுக்குப் பின்வரும் வாரங்களும். பெங்களூரு லால்பாக்கில் குடியரசு நாளை ஒட்டி நடக்கும் மலர்க் கண்காட்சியைப் பார்க்க விரும்புபவர்கள் கூட்டத்தைப் பொறுத்துக்கொண்டு ஒரு வாரம் முன்னதாகப் போகலாம்.

எந்தக் கிழமையில் கிளம்புவது என்பதும் முக்கியம். மைசூரு அரண்மனையின் விளக்கு அலங்காரம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் மாலை 7 மணியளவில் தொடங்கும். மற்ற நாட்களில் போனால் அந்த முழு அலங்காரத்தையும் பார்க்க முடியாது. மைசூரு மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஊட்டியில் சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது. இந்த மூன்றையும் ஒன்றாகப் பொருத்திப் பார்த்துத்தான் நாங்கள் வெள்ளிக்கிழமை கிளம்பினோம். வெள்ளி, சனி இரவுகள் பெங்களூரு, ஞாயிறு, திங்கள் மைசூரு, செவ்வாய், புதன் ஊட்டி, வியாழன் சேலம், அடுத்த வெள்ளி வீடு என்று கணக்கு வந்தது.

2. கிளம்புவதற்கு இருபது நாட்களுக்கு முன்: வண்டியின் ஆவணங்கள்

பதிவுச் சான்று, காப்பீடு, மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று, ஓட்டுபவர் ஒவ்வொருவருடைய ஓட்டுநர் உரிமம் ஆகிய நான்கும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். அரசின் டிஜிலாக்கர் செயலியிலோ எம்-பரிவாகன் செயலியிலோ உள்ள மின்னணு ஆவணங்கள் அசலுக்கு இணையாகச் சட்டப்படி செல்லும். ஆனால் அசலைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்திருப்பது செல்லாது. இந்த வேறுபாடு தெரியாமல் பலர் வழியில் வாக்குவாதம் செய்துகொண்டு நிற்கிறார்கள். காட்டுப் பாதையில் இணையம் கிடைக்காது என்பதால், காப்பீட்டையும் மாசுச் சான்றையும் ஒரு தாளில் அச்சிட்டு முன்பக்கப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

எல்லோரும் மறப்பது மாசுச் சான்றைத்தான். பெட்ரோல் நிலையத்தை ஒட்டியிருக்கும் பரிசோதனை வண்டியில் சில நூறு ரூபாய்க்குள், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை அது. ஆனால் அது இல்லாமல் பிடிபட்டால் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

கார் உங்கள் பெயரில் இல்லாமல் அப்பா, மாமனார், அண்ணன் என வீட்டில் வேறொருவர் பெயரில் இருந்தாலும் பயமில்லை. உரிமையாளரின் சம்மதத்துடன், உரிமம் உள்ள எவரும் ஓட்டலாம். அவர் கையெழுத்திட்ட ஒருபக்கக் கடிதத்தையும் அவருடைய அடையாள அட்டையின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டில் உள்ள உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பு உரிமையாளருக்கு மட்டுமே உரியது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கும் துணைவருக்கும் தனி விபத்துக் காப்பு இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுவது நல்லது.

சொந்தக் கார் இல்லாமல் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நாமே ஓட்டிச் செல்வதற்காகச் சட்டப்படி வாடகைக்கு விடப்படும் வண்டியின் எண் பலகை கறுப்பு நிறத்தில், மஞ்சள் எழுத்துகளுடன் இருக்கும். தெரிந்தவர் மூலம் கிடைக்கிறது, விலை குறைவு என்று வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுத்தால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடலாம். மஞ்சள் பலகை டாக்சியை ஓட்டுநருடன் அமர்த்தினால், கர்நாடகத்துக்கான அனுமதியும் வரியும் பேசிய தொகைக்குள் அடங்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சொந்தக் காரில் சில நாட்கள் சுற்றிவர கர்நாடகத்தில் தனி அனுமதி எதுவும் தேவையில்லை.

3. ஃபாஸ்டேக்கை வீட்டிலேயே சோதியுங்கள்

எங்களுக்கு முதல் அடி இங்கேதான் விழுந்தது. கணக்கில் இரண்டாயிரம் ரூபாய் இருந்தும், கிளம்பிய அரை மணி நேரத்தில் முதல் சுங்கச்சாவடியிலேயே திரையில் சிவப்பு எழுத்து வந்து தடுப்புக் கட்டை இறங்கிவிட்டது. அடையாளச் சரிபார்ப்பு நிலுவையில் இருந்ததால் டேக் முடக்கப்பட்டிருந்தது. அதற்கான அறிவிப்புகள் எல்லாம் மாமனாரின் பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கின்றன. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, காரை ஓரங்கட்டிவிட்டு வீட்டுக்கு அழைத்தேன்.

"மாமா, உங்க பழைய போனுக்கு ஓ.டி.பி. வந்திருக்கும், கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

"இரும்மா, கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியல. நீ போனை வெச்சுடாத, லைன்லயே இரு."

ஆறு இலக்க எண்ணை அவர் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்வதற்குள் அதன் காலம் முடிந்துவிட்டது. இரண்டாம் முறை கிடைத்தது, ஆனாலும் டேக் உடனே உயிர்பெறவில்லை. நாங்கள் போனபோது, செல்லாத டேக்குடன் வந்தால் ரொக்கமாக இருமடங்கு கட்டணம். 2025 நவம்பர் 15 முதல் யு.பி.ஐ. மூலம் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. இது தெரியாமல் ரொக்கத்தை நீட்டிவிடாதீர்கள், யு.பி.ஐ. என்று கேட்டுக் கட்டுங்கள். முடக்கம் நீக்கப்பட்டாலும் அந்த விவரம் சுங்கச்சாவடிக்குப் போய்ச் சேர நேரமாகும் என்பதால், சாவடி வாசலில் நின்றுகொண்டு பணம் நிரப்பியோ சரிபார்ப்பை முடித்தோ பயனில்லை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்: டேக் செயலில் இருக்கிறதா, அதில் பதிவான கைப்பேசி எண் இப்போது கையில் இருக்கிறதா, டேக் வண்டியின் முழுப் பதிவு எண்ணுடன் இணைக்கப்பட்டிருக்கிறதா. புதுக் கார் வாங்கியபோது சேசிஸ் எண்ணை (வண்டியின் உடற்சட்டத்தில் பொறித்த எண்) மட்டும் வைத்துக் கொடுக்கப்பட்ட டேக்குகள் இன்னும் சில வீடுகளில் அப்படியே இருக்கின்றன.

ஃபாஸ்டேக்கில் ஒருமுறை பணம் கட்டிச் சுங்கச்சாவடிகளைக் கடக்கும் ஆண்டுப் பாஸ் எடுக்கலாமா என்று பலர் கேட்டார்கள். 2025 ஆகஸ்ட் 15 அன்று அது அறிமுகமானபோது விலை 3,000 ரூபாய். சுங்கச்சாவடிகளை 200 முறை கடப்பது அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். இந்த ஒரு பயணத்துக்குச் சுங்கமாக எங்களுக்கு ஆனது 1,700 ரூபாய்தான், ஆகவே இதற்காக மட்டும் எடுப்பது நஷ்டம். ஆண்டில் இரண்டு முறையாவது நெடுஞ்சாலையில் போகிறவர் என்றால் எடுங்கள். அது தேசிய நெடுஞ்சாலைகளில் மட்டுமே செல்லும். வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலும் பெங்களூரைச் சுற்றிப்போகும் நைஸ் சாலையிலும் செல்லாது என்பதால், பாஸ் இருந்தாலும் டேக்கில் ஐந்நூறு ரூபாயாவது இருப்பு வைத்திருங்கள்.

4. அறையை முதலில், இ-பாஸை அடுத்ததாக

நீலகிரி மாவட்டத்துக்குள் வெளியூர் வண்டிகள் நுழைய இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த முறை நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்ற உச்சவரம்பும் வந்தது. நீங்கள் போகும் நாளில் என்ன விதி இருக்கிறது என்பதைத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை ஊட்டிக்குள் நுழையும்படி நாங்கள் திட்டமிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

விண்ணப்பிக்கும் முறை எளிது. தமிழ்நாடு மின்னாளுமை முகமையின் இ-பாஸ் தளத்தில் கைப்பேசி எண்ணைக் கொடுத்து ஓ.டி.பி.யைப் பதிந்ததும், பெயர், வண்டி எண், எத்தனை பேர், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எங்கே தங்குகிறீர்கள் ஆகியவற்றைக் கேட்கும். தங்கும் இடத்தின் முகவரி வேண்டியிருப்பதால்தான் அறையை முதலில் பதிவு செய்யச் சொல்கிறேன். இந்தப் பாஸுக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளமும் "நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்று சொல்லும் இடைத்தரகரும் நமக்குத் தேவையில்லை. கிடைத்த பாஸை, அதிலுள்ள கியூ.ஆர். குறியீடு தெளிவாகத் தெரியும்படி கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடி இருக்குமிடத்தில் சிக்னலை நம்ப முடியாது.

விடுதிகளில் அடையாள அட்டையை இருவரிடமும் கேட்பார்கள், ஒருவருடையது மட்டும் போதாது. புதிதாகத் திருமணமானவர்களில் பலருக்கு மனைவியின் ஆதாரில் இன்னும் தந்தை பெயரும் பிறந்தகத்து முகவரியுமே இருக்கும், எனக்கும் அப்படித்தான். திருமணச் சான்றிதழ் காட்டியாக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆயினும் சில சிறிய விடுதிகள் கேட்டுச் சங்கடப்படுத்துகின்றன. பதிவு செய்த அன்றே விடுதிக்கு நேரடியாக அழைத்து, இருவரின் ஆதாரும் வெவ்வேறு முகவரியில் உள்ளன, போதுமா என்று கேட்டுவிட்டால் இரவு ஒன்பது மணிக்கு வரவேற்பறையில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆதாரின் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட படிவத்தை இணையத்தில் இறக்கி அதன் நகலைக் கொடுப்பது பாதுகாப்பு. வாடகை பேசும்போது வரியையும் சேர்த்துக் கேளுங்கள்; 2025 செப்டம்பர் 22 முதல், 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு.

5. நம் பகுதி வண்டிகளுக்குத் தனியாகச் சில சோதனைகள்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். மழைக்காலத்தில் தெருவில் தேங்கிய நீரில் நின்ற வண்டி என்றால், சக்கரத்தைக் கழற்றி பிரேக்கைப் பார்க்காமல் மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். எங்கள் காரின் பின்சக்கரத்தை மெக்கானிக் கழற்றியபோது டிரம்முக்குள்ளிருந்து செம்மண் போலத் துருப்பொடி கொட்டியது. நகரத்துக்குள் ஓட்டும்போது எங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்கவில்லை. பிரேக், வைப்பர் ரப்பர், பேட்டரி, உதிரிச் சக்கரத்தின் காற்று, கண்ணாடியின் பனிமூட்டத்தை நீக்கும் காற்றமைப்பு ஆகிய ஐந்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சென்னையில் ஒருபோதும் தொடாத அந்தக் கடைசிப் பொத்தான், ஊட்டியில் தினமும் தேவைப்படும்.

உடைகளுக்கு ஊட்டியை நம்பிப் போகாமல், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலேயே ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, இரண்டு ஜோடிக் கனத்த காலுறை வாங்கிவிடுங்கள். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பது பழமொழி. சமவெளியில் அதைச் சொல்லிப் பழகிய நமக்கு, 2,240 மீட்டர் உயரத்தில் அதன் பொருள் வேறு மாதிரி புரியும்.

6. முதல் நாள்: வடசென்னையை விட்டு வெளியேறுவது

காலை 4.30 மணிக்குள் கிளம்பிவிடுங்கள். தண்டையார்பேட்டை, பெரம்பூர், வியாசர்பாடி பக்கத்தவர்கள் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை வழியாக மூலக்கடை, மாதவரம் ரவுண்டானா சென்று, புழலில் சென்னை புறவழிச் சாலையைப் பிடித்து மதுரவாயலில் இறங்கலாம். முந்தைய இரவு மழை பெய்திருந்தால் சுரங்கப்பாதை வழிகளை நம்ப வேண்டாம். மணலி, எண்ணூர், மீஞ்சூர் பக்கத்தவர்களுக்கு வெளிவட்டச் சாலைதான் சரியான வழி. ஊருக்குள் வராமலேயே நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலையில் சேர்ந்துவிடலாம். அங்கே செலவாகும் சுங்கத்தைக் கணக்குப் பார்த்து உள்வழியில் போனால், துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையில் ஒரு மணி நேரம் போய்விடும்.

அதற்கப்பால் ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று நேர்வழிதான், ஏறத்தாழ 350 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூருக்கும் வாலாஜாவுக்கும் இடையில் சாலை விரிவாக்கப் பணியால் மாற்றுப்பாதைகள் வருகின்றன. இருட்டில் அங்கே வேகம் எடுக்காதீர்கள். கிருஷ்ணகிரி, ஓசூர் பகுதியில் விடிகாலை மூடுபனி இறங்கும்போது உயர்வெளிச்சத்தைப் போட்டால் பனியே வெள்ளைச் சுவராகத் தெரியும். தாழ்வெளிச்சத்தில், முன்னே போகும் வண்டியுடன் இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும். நாங்கள் ஆம்பூரில் ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, பனி முழுதும் விலகிய பிறகே ஓசூரைத் தாண்டினோம். மதியம் ஒரு மணிக்குப் பெங்களூரு எல்லையைத் தொட்டோம்.

7. பெங்களூருக்குள் காரை எடுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஓர் அறிவுரையை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். ஓசூர் சாலையில் வருபவர்கள் எலக்ட்ரானிக் சிட்டியிலோ பொம்மசந்திராவிலோ, வண்டி நிறுத்த இடமுள்ள விடுதியில் தங்கிவிடுங்கள். 2025 ஆகஸ்டு 10 அன்று தொடங்கிய மெட்ரோ மஞ்சள் தடம் பொம்மசந்திராவிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு வழியாக ஆர்.வி. ரோடு நிலையம் வரை போகிறது. அங்கே பச்சைத் தடத்துக்கு மாறினால் சில நிலையங்களில் லால்பாக். அதே ரயிலில் தொடர்ந்தால் மெஜஸ்டிக். மெஜஸ்டிக்கில் ஊதாத் தடத்துக்கு மாறி விதான சௌதா, கப்பன் பூங்கா, எம்.ஜி. ரோடு போகலாம். நாங்கள் போனபோது ஒருவழிக் கட்டணம் எவ்வளவு தூரத்துக்கும் 90 ரூபாயைத் தாண்டவில்லை. சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலை மேலேயிருந்து பார்த்தபடி கடந்துபோனபோது, காரைத் தொடாமல் வந்தது எவ்வளவு நல்ல முடிவு என்று இருவரும் சொல்லிக்கொண்டோம்.

சனிக்கிழமை காலை லால்பாக், மாலை கப்பன் பூங்காவும் எம்.ஜி. ரோடும் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் போதும். காரை எடுத்தே ஆக வேண்டியவர்கள், சிக்னலில் நிறுத்தக் கோட்டைத் தாண்டினாலும் கேமரா பிடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

8. மைசூரு

ஞாயிறு காலை எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து நைஸ் சாலை வழியாக மைசூரு சாலையில் சேர்ந்துவிட்டால் நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். 119 கிலோமீட்டர் விரைவுச் சாலையில் காருக்கு வேக வரம்பு மணிக்கு 100. கேமராக்கள் இருக்கின்றன, பதிவு எண்ணை வைத்து அபராதம் வந்துவிடும். மத்தூர் வடை சாப்பிட வேண்டுமானால் முன்கூட்டியே அணுகுசாலைக்கு இறங்க வேண்டும், ஏனெனில் விரைவுச் சாலை ஊர்களைத் தொடாமல் போகிறது. தவறவிட்டால் திரும்பி வர வழியில்லை.

ஸ்ரீரங்கப்பட்டினத்துக்கு அருகிலுள்ள ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயத்தைப் பனிக்காலத்தில் விட்டுவிடாதீர்கள். வலசை வரும் பறவைகள் இருக்கும் பருவம் இதுதான். அரண்மனைக்குப் பகலில் ஒரு முறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு (செருப்பை வெளியே விட வேண்டும், மாலை 5.30க்கு மூடிவிடுவார்கள்), இரவு விளக்கு அலங்காரத்துக்கு மீண்டும் வரலாம். நம் உயர் நீதிமன்றக் கட்டடத்தில் பங்குகொண்ட ஹென்றி இர்வின்தான் இந்த அரண்மனையையும் வடிவமைத்தார் என்பதால், பாரிமுனையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதன் குவிமாடங்கள் ஏதோ பழகிய வீட்டைப் போல இருந்தன. திங்கட்கிழமை மிருகக்காட்சி சாலையும் சாமுண்டி மலையும்.

9. மைசூரிலிருந்து ஊட்டி: காடு மூடும் நேரத்தை வைத்துத் திட்டமிடுங்கள்

பந்திப்பூர், முதுமலை புலிகள் காப்பகங்களின் ஊடே செல்லும் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும். மாலை ஐந்து மணிக்கு மைசூரை விட்டுக் கிளம்பி "எப்படியாவது ஒன்பதுக்குள் தாண்டிவிடலாம்" என்று ஓட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. காட்டுச் சாலை முழுவதும் வேகத்தடைகள். அந்தி நேரத்தில் யானைகள் சாலையைக் கடக்கும். காலை உணவுக்குப் பின் கிளம்பி, குண்டலுப்பேட்டையில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, பகல் வெளிச்சத்திலேயே கூடலூரை அடைந்துவிட வேண்டும். காட்டுக்குள் வண்டியை நிறுத்துவதும் இறங்கிப் படம் எடுப்பதும் குரங்குக்குத் தீனி போடுவதும் குற்றம். எங்களுக்கு முன்னால் நிறுத்திய ஒரு குடும்பத்தை வனத்துறையினர் அங்கேயே அபராதம் கட்ட வைத்ததைப் பார்த்தோம்.

மாநில எல்லையான கக்கநல்லா சோதனைச் சாவடியில் இ-பாஸைச் சோதிப்பார்கள், பசுமை வரியும் உண்டு. பத்து, இருபது ரூபாய் நோட்டுகளைச் சில்லறையாக வைத்திருங்கள். அங்கேயே பிளாஸ்டிக்கையும் பார்ப்பார்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை உள்ளது. கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில்கூடப் பறிமுதலாகும், அபராதமும் கட்ட நேரும். இரண்டு எவர்சில்வர் பாட்டில்கள் எடுத்துப்போவது எளிது, ஊட்டியில் நிரப்பிக்கொள்ளக் குடிநீர் ஏ.டி.எம். இருக்கிறது.

தெப்பக்காட்டில் பாதை பிரியும். வரைபடச் செயலி, தூரம் குறைவு என்று மசினகுடி, கல்லட்டி வழியைக் காட்டும். அது 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட செங்குத்தான சாலை. பெரிய விபத்துகளுக்குப் பின் வெளியூர் வண்டிகள் அதில் ஊட்டியிலிருந்து கீழே இறங்குவதற்குத் தடை விதிக்கப்பட்டது. மலையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் ஏறுவதற்கும் அதை எடுக்க வேண்டாம். முப்பது கிலோமீட்டர் கூடினாலும் கூடலூர், நடுவட்டம், பைக்காரா வழியே போங்கள்.

10. ஊட்டியில்

இரவில் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி வந்து உறைபனி விழும். புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு வெளியே வந்து பார்த்தபோது, காரின் முன்கண்ணாடி முழுவதும் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் படலம். விரலால் கீறினால் நகத்தடம் விழுந்தது. என் கணவர் வாளியில் வெந்நீர் கொண்டுவந்துவிட்டார். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் பையன் ஓடிவந்து, "அண்ணா, சுடுதண்ணி ஊத்தாதீங்க, கண்ணாடி விரிஞ்சிடும். வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஹீட்டரப் போட்டுட்டு ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றான். அவன் சொன்னபடி செய்ததும் கால் மணி நேரத்தில் படலம் தானாக உருகி வழிந்தது. வைப்பரை உறைந்த நிலையில் போட்டாலும் ரப்பர் கிழிந்துவிடும்.

அறை எடுக்கும்போது வெந்நீர் எந்த நேரத்தில் வரும், கூடுதல் கம்பளி இலவசமா, ஹீட்டருக்குத் தனி வாடகையா என்று கேளுங்கள். மூடிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டுவது உயிருக்கே ஆபத்து. யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

காரை விடுதியிலேயே விட்டுவிட்டு ஊட்டி, குன்னூர் இடையே மலை ரயிலில் போய் வரலாம். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது, விரைவில் தீர்ந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவால் மலை ரயில் ரத்தாவது வழக்கம் என்பதால், டிசம்பரில் போகிறவர்கள் அதை மட்டுமே நம்பி நாளை ஒதுக்க வேண்டாம். தொட்டபெட்டாவுக்குக் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், பிறகு மேகம் மூடிக்கொள்ளும்.

11. இறக்கமும் திரும்பும் வழியும்

குன்னூர், பர்லியாறு வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள். நாங்கள் முதல் ஐந்து கிலோமீட்டர் பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு வந்தோம். ரப்பர் கருகுவது போன்ற வாடை வந்ததும் பயந்து ஓரமாக நிறுத்தினோம். அந்த வாடை வந்தால் நிறுத்தி இருபது நிமிடம் ஆறவிட வேண்டும்; சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது மலைச் சாலையின் முறை.

ஊட்டியிலிருந்து சென்னை ஐந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஒரே நாளில் வந்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள், மலையிறங்கிய களைப்போடு இரவில் உளுந்தூர்ப்பேட்டை சாலையில் ஓட்டுவதை நான் ஒப்ப மாட்டேன். அவிநாசி வழியாகச் சேலம் வந்து அங்கே ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் ஆத்தூர், உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம், செங்கல்பட்டு வழியே வாருங்கள். பெருங்களத்தூரில் புறவழிச் சாலையில் ஏறிப் புழலில் இறங்கினால் கிண்டியையும் கோயம்பேட்டையும் தொடாமல் வீடு சேரலாம். மணலி, மீஞ்சூர்க்காரர்கள் வண்டலூரிலேயே வெளிவட்டச் சாலைக்குத் திரும்பிவிட வேண்டும். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணை அழைக்கலாம்.

12. எங்களுக்கு ஆன செலவு

மொத்தம் ஓடியது 1,420 கிலோமீட்டர். பெட்ரோல் 92 லிட்டர், 9,300 ரூபாய். சுங்கம் 1,700. ஏழு இரவுகளுக்கு அறை வாடகை 15,400. சாப்பாடு ஒரு நாளைக்கு ஆயிரம் வீதம் 8,000. மெட்ரோ, நுழைவுக் கட்டணங்கள், வண்டி நிறுத்தக் கட்டணம் எல்லாம் சேர்த்து 2,300. ஆக 36,700 ரூபாய். கிளம்பும் முன் பிரேக்குக்கும் வைப்பருக்கும் ஆனது இதில் சேராது. அவசரத்துக்கு என்று ஐயாயிரத்தை ரொக்கமாகத் தனியே வைத்திருந்தோம். கூடலூரைத் தாண்டிய ஒரு டீக்கடையில் யு.பி.ஐ. வேலை செய்யாததால் அதில் நாற்பது ரூபாய் மட்டும் செலவானது.

13. வீடு திரும்பிய பிறகு

ஃபாஸ்டேக் கணக்கு விவரத்தை இறக்கி ஒவ்வொரு சாவடியாகச் சரிபாருங்கள். எங்களுக்கு ஒரே சாவடியில் நான்கு நிமிட இடைவெளியில் இருமுறை பணம் பிடிக்கப்பட்டிருந்தது. டேக் கொடுத்த வங்கியின் செயலியில் புகார் பதிந்து பத்து நாட்களில் திரும்பப் பெற்றோம். பதினைந்து நாட்கள் கழித்து, போக்குவரத்து அபராதங்களைக் காட்டும் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். கர்நாடகக் கேமராக்களின் அபராதம் உரிமையாளரின் எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தியாகப் போகும். கார் மாமனார் பெயரில் இருந்தால், அதை அவர் திறந்து பார்த்திருக்க மாட்டார்.